மே மாதத்தில் குளிரும் கடல்

வட கலிஃபோர்னியக் கரையில் கடல் மிகவும் குளிர்ந்து கிடப்பது ஏப்ரலிலும் மே மாதத்திலும்தான். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஓஷன் பீச்சில் மழைக்காலம் முடிந்து, வானம் வெளுத்து, பகல் நீண்டுகொண்டே போகும் அந்த நாட்களில் நீரின் வெப்பநிலை 10 அல்லது 11 டிகிரி செல்சியஸுக்கு இறங்குகிறது. செப்டம்பர் இறுதியில், வெயில் தணியத் தொடங்கிய பிறகு, அதே நீர் 14, 15 டிகிரியைத் தொடும். மே மாத வெயிலை நம்பி மெல்லிய உடையோடு அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு இறங்குபவர் கால் மணி நேரத்தில் விரல் விறைத்துக் கரையேறுவார். அலைச்சறுக்குக்கான வெட்சூட் எனும் குளிர்காப்பு உடையைத் தேர்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது கடலுக்கென்று இருக்கும் தனி நாட்காட்டி.

எந்தக் கடலும் நிலத்துக்குப் பின்னால்தான் சூடாகும். நிலத்துக்குப் பின்னால்தான் குளிரும். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப்போல ஏறத்தாழ 3500 மடங்கு இருந்தால்தான் ஒரு கன மீட்டர் நீரை அதே அளவு சூடாக்க முடியும். வெயில் படும் மேற்பரப்பும் தனித்து நிற்பதில்லை. காற்றும் அலையும் அதைக் கீழேயுள்ள நீரோடு பல மீட்டர் ஆழத்துக்குக் கலக்கிவிடுகின்றன. எனவே வட அரைக்கோளத்தின் மிதவெப்பக் கரைகளில், சூரியன் ஜூனில் உச்சத்தில் இருந்தாலும் கடல் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோதான் முழுச் சூட்டை அடையும். இங்கிலாந்தின் கார்ன்வால் கரை இதற்கு ஒழுங்கான எடுத்துக்காட்டு. அங்கே பிப்ரவரி, மார்ச்சில் நீர் 9 டிகிரி அளவில் இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் 16, 17 டிகிரி. கிறிஸ்துமஸ் நாளில் அலையேறுபவருக்குக் கிடைக்கும் நீர் ஈஸ்டர் நாளில் கிடைப்பதைவிட வெதுவெதுப்பானது.

கலிஃபோர்னியா இந்த ஒழுங்குக்கும் அடங்குவதில்லை. அங்கே கணக்கை மாற்றுவது காற்று.

வசந்தம் பிறந்ததும் வட பசிபிக் மீது ஓர் உயரழுத்தப் பகுதி வலுப்பெறுகிறது. அதைச் சுற்றி வரும் காற்று கலிஃபோர்னியக் கரையை ஒட்டி, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, நாள்கணக்கில் விடாமல் வீசுகிறது. காற்று போகும் திசையிலேயே நீரும் போகும் என்று நினைப்பது இயல்பு. நார்வேயின் துருவப் பயணி நான்சென் 1893 முதல் 1896 வரை ஃபிராம் கப்பலில் ஆர்க்டிக் பனிக்கட்டிகளோடு மிதந்து சென்றபோது வேறொன்றைக் கண்டார். பனிக்கட்டிகள் காற்றின் திசையிலிருந்து வலப்பக்கமாக விலகி நகர்ந்தன. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்ட ஸ்வீடன் நாட்டு அறிஞர் எக்மன், 1905இல் அதற்குக் கணித விளக்கம் வெளியிட்டார். பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் நகரும் நீர் வலப்பக்கம் திரும்புகிறது. மேல்தட்டு நீர் தனக்குக் கீழுள்ள நீரை இழுக்க, அது இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திரும்புகிறது. தட்டுத்தட்டாகக் கூட்டிப் பார்த்தால், மொத்த நீரின் நகர்வு காற்றின் திசைக்குச் செங்குத்தாக வலப்பக்கம் அமைகிறது.

கலிஃபோர்னியாவில் அந்த வலப்பக்கம் என்பது திறந்த பசிபிக். வெயிலில் காய்ந்த மேல்நீர் கரையை விட்டு மேற்கே போய்விட, காலியாகும் இடத்தை நிரப்ப நூறு, இருநூறு மீட்டர் ஆழத்திலிருந்து இருண்ட குளிர்நீர் மேலே ஏறி வருகிறது. மேலெழுச்சி எனப்படும் இந்த நிகழ்வு மார்ச் இறுதியில் வலுக்கத் தொடங்கி, கோடையின் பெரும்பகுதி நீடிக்கிறது. காற்று தளரும் செப்டம்பர், அக்டோபரில்தான் கரையோர நீருக்குச் சூடேற அவகாசம் கிடைக்கிறது. ஆண்டு முழுதும் வடக்கிலிருந்து தெற்கே ஓடும் கலிஃபோர்னியா நீரோட்டமும் குளிர்ந்ததே. இரண்டும் சேர்வதால் சான் ஃபிரான்சிஸ்கோ கரையில் ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிகச் சூடான மாதத்துக்கும் உள்ள வேறுபாடு நான்கைந்து டிகிரிதான். அதே அமெரிக்காவின் கிழக்குக் கரையில், ஏறத்தாழ அதே அட்சரேகையில் உள்ள வர்ஜீனியா பீச்சில், ஆகஸ்டில் நீர் 25 டிகிரியை எட்டுகிறது. பிப்ரவரியில் ஐந்தாறு டிகிரிக்கு விழுகிறது. அங்கே ஒரே ஆண்டில் அரைக்கால் சட்டையும் வேண்டும், தலைமூடியோடு கூடிய தடித்த உடையும் வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரே உடை பன்னிரண்டு மாதமும் ஓடும்.

மேலெழும் நீர் உடலை விறைக்க வைக்கிறதே தவிர, கடலுக்கு அது உணவு. ஆழத்தில் சேர்ந்திருக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளிச்சத்துக்கு வர, நுண்பாசிகள் பெருகி, அவற்றைத் தின்று மத்தியும் நெத்திலியும் பெருகுகின்றன. மான்டரே நகரம் ஒரு காலத்தில் மத்தி மீன் டப்பாக்களால் வாழ்ந்தது இந்த நீரால்தான். சான் ஃபிரான்சிஸ்கோவின் புகழ்பெற்ற கோடைப் பனிமூட்டமும் இதன் பிள்ளையே. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று கரையோரக் குளிர்நீரின் மேல் வந்ததும் குளிர்ந்து மூடுபனியாகிறது. தமிழ் வாசகர் இந்த நிகழ்வைத் தேடிப் பசிபிக் வரை போக வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின்போது கன்னியாகுமரி முனையிலும் அதற்கு மேற்கே கேரளக் கரை நெடுகிலும் இதே மேலெழுச்சி நடக்கிறது. அங்கும் அது மத்தி மீனின் காலம். ஆனால் நம் கடல் வெப்பமண்டலக் கடல் என்பதால் அந்தக் குளிர்ச்சி சில டிகிரிகளோடு நின்றுவிடுகிறது. கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ அலையேறுபவர் அணியும் மெல்லிய ராஷ் கார்டு சட்டை வெயிலிலிருந்தும் பலகை உராய்விலிருந்தும் காப்பதற்கு மட்டுமே.

கலிஃபோர்னியாவுக்குள்ளேயே ஒரு கோடு உண்டு. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடிவரும் கரை, சான்டா பார்பராவுக்கு மேற்கே பாயின்ட் கன்செப்ஷன் முனையில் சட்டென்று கிழக்கே திரும்புகிறது. அதற்குத் தெற்கே உள்ள வளைவில் கரையோரக் காற்றின் வேகம் குறைகிறது, மேலெழுச்சி தளர்கிறது, குளிர் நீரோட்டம் கரையை விட்டு விலகிப் போகிறது. எனவே சான் டியாகோவில் ஜனவரி, பிப்ரவரியில் 14 டிகிரி அளவில் இருக்கும் நீர் ஆகஸ்டில் 20, 22 டிகிரி வரை ஏறுகிறது. 2028 ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டிகள் நடக்கவிருக்கும் டிரெஸ்டில்ஸ் கடற்கரை இந்தத் தென்பகுதியில்தான் இருக்கிறது. அங்கே ஜூலையில் அரைக்கை உடையோடு நீரில் இருக்கலாம். அதே நாளில் வடக்கே சான்டா குரூஸில் முழுக்கை உடையில்லாமல் முடியாது.

மாதச் சராசரி ஒரு வழிகாட்டி மட்டுமே. வலுத்த காற்று இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வீசினால் கரையோர நீர் நான்கைந்து டிகிரி இறங்கிவிடும். காற்று நின்றால் மெல்ல மீளும். ஆண்டுக்கு ஆண்டும் மாறுதல் உண்டு. எல் நினோ ஆண்டுகளில் கரை வெதுவெதுப்படையும். 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கில் பரவிக்கிடந்த வெப்பத்திட்டு வழக்கங்களையெல்லாம் புரட்டிப் போட்டது. சான் டியாகோவை அடுத்த லா ஹோயாவில் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் கடற்பாலத்தில் 1916 ஆகஸ்ட் முதல் அன்றாடம் நீரின் வெப்பநிலை எடுக்கப்பட்டு வருகிறது. நூறாண்டுக்கு மேலான அந்தக் குறிப்பேட்டில் 2018 ஆகஸ்டில் 26 டிகிரியை ஒட்டிய அளவு பதிவாகி முந்தைய உச்சங்களைக் கடந்தது. இப்படி ஆள் நின்று அளக்கும் இடங்களும் நங்கூரமிட்ட மிதவைகளும் தரும் எண்களே அலைச்சறுக்குக்கு நம்பத்தக்கவை. செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கருவி கடலின் மேல்தோலை மட்டுமே பார்க்கிறது. மேகமும் மூடுபனியும் அதன் பார்வையை மறைக்கின்றன. கடலுக்குள் பல மைல் தள்ளி நிற்கும் மிதவையின் அளவும், கரையையொட்டி மேலெழுச்சி நடக்கும் நாளில் அலையுடையும் இடத்தின் அளவுக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே நிற்கக்கூடும்.

இந்த ஒன்றிரண்டு டிகிரி ஏன் இவ்வளவு பெரிதாகிறது? நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். 15 டிகிரி காற்றில் சட்டையோடு நடப்பவருக்குச் சுகம். 15 டிகிரி நீரில் வெற்றுடம்போடு விழுபவருக்கு மூச்சே திணறும். முதல் ஓரிரு நிமிடங்களில் தோல் சட்டெனக் குளிர்வதால் மூச்சு தானாக வாரி இழுக்கப்படுகிறது, இதயம் படபடக்கிறது. தலை நீருக்குள் இருக்கும் நேரத்தில் அந்த மூச்சு வந்துவிட்டால் ஆபத்து. அடுத்து வருவது கைகால் விறைப்பு. தோலுக்கும் தசைக்கும் போகும் இரத்தத்தை உடல் சுருக்கிக்கொள்வதால் விரல்கள் பிடியிழக்கின்றன, தோள்கள் தண்ணீரைத் தள்ள மறுக்கின்றன. உள்ளுடல் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் தாழ்வெப்பநிலை இவற்றுக்குப் பிறகு, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆன பின்பே வரும். அலைச்சறுக்கில் பலர் சிக்குவது நடுவில் உள்ள அந்த விறைப்புக் கட்டத்தில்தான். கரை கண்ணுக்கு எதிரே இருக்கும்; கை வராது.

இந்த நிலையை மாற்றியவர் ஓர் இயற்பியலாளர். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய ஹியூ பிராட்னர், பின்னர் பெர்க்லியில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1951 வாக்கில் கடற்படையின் நீர்மூழ்கு வீரர்களுக்கான உடையைப் பற்றிச் சிந்தித்தார். அதுவரை இருந்த உடைகள் நீரை உள்ளே விடாமல் தடுப்பதையே நோக்கமாகக் கொண்டவை. ஒரு கீறல் விழுந்தால் உள்ளே அணிந்த கம்பளி நனைந்து பயனற்றுப்போகும். வெப்பத்தைக் காக்க உடல் உலர்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று பிராட்னர் கண்டார். உடையின் துணிக்குள்ளேயே வாயுக் குமிழிகள் அடைபட்டிருந்தால், தோலுக்கும் உடைக்கும் நடுவே சிறிது நீர் புகுந்தாலும் கெடுதலில்லை. ஸ்கிரிப்ஸைச் சேர்ந்த பொறியாளர் வில்லார்ட் பாஸ்கம் அதற்கு நுரைத்த நியோபிரீனைப் பரிந்துரைத்தார். 1930இல் டூபான்ட் ஆய்வகத்தில் பிறந்த செயற்கை ரப்பர் அது. பிராட்னர் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை.

அதே ஆண்டுகளில், 1952இல், ஜாக் ஓ'நீல் சான் ஃபிரான்சிஸ்கோ கடற்கரையில் ஒரு சிறு கடை திறந்தார். அப்போது அங்கே அலையேறியவர்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கி, நடுங்கிக்கொண்டே கரையேறி, நெருப்பு மூட்டிக் குளிர்காய்வார்கள். நீச்சல் கால்சட்டைக்குள் பிவிசி நுரையைத் திணித்துப் பார்த்துத் தொடங்கிய ஓ'நீல், பின்னர் நியோபிரீன் மேலாடைகளைத் தைத்து விற்றார். 1959இல் கடையை சான்டா குரூஸுக்கு மாற்றினார். தெற்கே ரெடோன்டோ பீச்சில் பில், பாப் மைஸ்ட்ரெல் என்ற இரட்டைச் சகோதரர்களும் 1953 முதல் இதே வேலையில் இருந்தார்கள். முதலில் செய்தது யார் என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. கிடைத்திருக்கும் கடிதங்களும் ஆவணங்களும் பிராட்னர் பக்கமே சாய்கின்றன. ஆனால் அந்த உடையை அலைச்சறுக்கர்களின் தோளில் ஏற்றிய பெருமை ஓ'நீலுக்கும் மைஸ்ட்ரெல்களுக்கும் உரியது.

உடைக்குள் புகும் நீர் உடல்சூட்டில் வெதுவெதுப்பாகி அதுவே காப்பாகிறது என்ற பேச்சு கடைகளில் இன்றும் உலவுகிறது. அது தவறு. காப்பது நியோபிரீனுக்குள் ஒன்றோடொன்று சேராமல் மூடிக்கிடக்கும் நைட்ரஜன் குமிழிகள். உள்ளே நீர் குறையக் குறைய உடைக்கு நல்லது. ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். நுரைத்த நியோபிரீனின் வெப்பங்கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு ஏறத்தாழ 0.05 வாட். வளர்ந்த ஒருவரின் உடற்பரப்பு சுமார் 1.7 சதுர மீட்டர். தோல் 30 டிகிரியும் நீர் 15 டிகிரியும் ஆக இருக்கையில், 3 மில்லிமீட்டர் தடிப்பின் வழியே உடல் முழுவதும் இழக்கும் வெப்பம் 425 வாட். தடிப்பு 5 மில்லிமீட்டர் என்றால் 255 வாட். சும்மா இருக்கும் உடல் உண்டாக்கும் வெப்பம் சுமார் 100 வாட். கைகளால் நீரை விடாமல் தள்ளும்போது நானூறு, ஐந்நூறு. அலைச்சறுக்கில் பாதியளவு நேரம் நீரைத் தள்ளுவதிலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பலகையில் உட்கார்ந்து அலைக்குக் காத்திருப்பதிலும் போகிறது. அலைமேல் நிற்பது மொத்தத்தில் சில நிமிடங்களே. எனவே உடையைக் காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்பத் தேர்வதே சரி.

தடிப்பு எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. 4/3 என்று உடையில் அச்சிட்டிருந்தால் மார்பும் முதுகும் 4 மில்லிமீட்டர், கைகால்கள் 3 மில்லிமீட்டர் என்று பொருள். உள்ளுறுப்புகள் இருக்கும் இடத்துக்குக் காப்பு வேண்டும். தோளுக்கு வளைவு வேண்டும். தடித்த தோள்பகுதி ஒவ்வொரு முறை கையை வீசும்போதும் ரப்பரை இழுக்கச் சொல்லும், களைப்பு முன்னதாகவே வரும். தேவைக்கு மேல் தடித்த உடையை வாங்குவதும் பிழைதான் என்பதற்கு இதுவே காரணம்.

நீர் 23 டிகிரிக்கு மேல் இருந்தால் ராஷ் கார்டு போதும். 20 முதல் 23 வரை கையும் காலும் பாதியில் நிற்கும் 2 மில்லிமீட்டர் உடை பெரும்பாலோருக்குப் பொருந்தும். 17 முதல் 20 வரை முழுக்கை, முழுக்கால் கொண்ட 3/2. தென் கலிஃபோர்னியாவில் ஆண்டின் பெரும்பகுதிக்கு இதுவே வழக்கம். 13 முதல் 17 வரை 4/3. அதற்குக் கீழே 10 வரை 4/3 அல்லது 5/4, கூடவே நியோபிரீன் காலணி. சான் ஃபிரான்சிஸ்கோவின் வசந்தத்துக்குத் தலைமூடியும் சேர்ந்துகொள்ளும். 9 டிகிரிக்குக் கீழே, கனடாவின் வான்கூவர் தீவு போன்ற இடங்களின் குளிர்காலத்தில், ஐந்தாறு மில்லிமீட்டர் உடையும் கையுறையும் இல்லாமல் இறங்கக் கூடாது. குளிர்நீரில் ஆண்டுக்கணக்கில் அலையேறுபவர்களின் செவிக்குழாயில் எலும்பு வளர்ந்து வழியைக் குறுக்கிவிடுவதுண்டு. தலைமூடியும் காதடைப்பானும் அதையும் தடுக்கின்றன. இளம் வயதிலேயே இவற்றை அணியும் பழக்கம் பின்னாளில் ஓர் அறுவைச் சிகிச்சையை மிச்சப்படுத்தலாம்.

இந்த எண்களைக் காற்று ஒரு படி நகர்த்தும். உடையின் வெளித்துணி நனைந்து, காற்றில் உலரும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று பலமாக வீசும் கரைகளில் மார்புப் பகுதியில் துணி ஒட்டாத வழவழப்பான ரப்பர் உள்ள உடை நல்லது. அதில் நீர் தங்காமல் வழிந்துவிடும். ஒல்லியானவர்களும் சிறுவர்களும் உடல் எடைக்கு அதிகமான தோற்பரப்பு உடையவர்கள். அவர்களுக்கு ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகவே வேண்டும். அப்பா 3/2 போட்டிருக்கிறார் என்பதற்காக எட்டு வயதுப் பிள்ளைக்கும் அதையே வாங்கித் தருவது பிள்ளைக்குச் செய்யும் தீங்கு. கற்றுக்கொள்பவரும் அடிக்கடி விழுவதால், பழகியவரைவிட அதிக நேரம் நனைந்தே இருக்கிறார்.

தடிப்புக்குச் சமமான இடம் தையலுக்கு உண்டு. ஊசி இருபுறமும் துளைத்துப் போகும் தட்டைத் தையல் மலிவானது, தோலை உறுத்தாது. ஆனால் ஒவ்வொரு துளையும் நீருக்கு ஒரு வாசல். 18 டிகிரிக்குக் கீழே அந்த உடை வீண். குளிர்நீர் உடைகளில் துண்டுகளை முதலில் ஒட்டுவார்கள். பிறகு ஊசி ரப்பரின் பாதி ஆழம் மட்டுமே இறங்கி மீளுமாறு தைப்பார்கள். நல்ல உடையில் உட்புறம் பட்டையோ ரப்பர்ப் பூச்சோ கொண்டு மடிப்பை மூடியிருப்பார்கள். முதுகு ஜிப் அணிய எளிது, ஆனால் பெரிய அலை அடித்தால் அதன் வழியே நீர் பீறிட்டு முதுகில் இறங்கும். மார்பின் குறுக்கே சிறு ஜிப் வைத்த உடையைப் போட்டுக் கழற்றுவது சிரமம். நீர் புகுவது குறைவு.

எல்லாவற்றுக்கும் மேலானது அளவு. பொருந்தாத விலையுயர்ந்த உடையைவிடப் பொருந்திய சாதாரண உடை வெதுவெதுப்பானது. கடையில் உலர்ந்த நிலையில் போடும்போது உடல் முழுதும் இறுக்கிப் பிடித்தாற்போல இருக்க வேண்டும். நீரில் அது சற்றுத் தளரும். அக்குளிலும் இடுப்புக்கு மேல் முதுகு வளையும் இடத்திலும் முழங்காலுக்குப் பின்னும் விரலால் கிள்ளித் தூக்கும் அளவுக்குத் தொங்கல் இருக்கலாகாது. அந்த இடங்களில் நீர் தேங்கி, ஒவ்வோர் அசைவிலும் பழைய நீர் வெளியேறிப் புதிய குளிர்நீர் உள்ளே வரும். கழுத்து இறுகியிருக்க வேண்டும், ஆனால் விழுங்கும்போது தொண்டையில் அழுத்தக் கூடாது. இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்து, தோள் தடையில்லாமல் ஏறினால் வாங்கலாம்.

வாங்கிய உடைக்கு உப்பும் வெயிலும் பகை. நல்ல நீரில் அலசி, உட்புறத்தை வெளியே திருப்பி, நிழலில் தடித்த கம்பின்மேல் இடுப்பளவில் மடித்துப் போட்டு உலர்த்துவது போதும். வெந்நீரும் கார் பின்பெட்டியின் சூடும் பசையை இளக்கும். புறஊதாக் கதிர் ரப்பரை வெடிக்க வைக்கும். எவ்வளவு பேணினாலும், மடங்கி மடங்கி நியோபிரீனின் குமிழிகள் சில ஆண்டுகளில் உடைந்து நசுங்குகின்றன. உடை பார்வைக்கு அப்படியே இருக்கும். தொட்டால் மெலிந்து, விறைத்து, பஞ்சுத்தன்மை போயிருக்கும். 4/3 என்று அச்சிட்டிருந்த அந்த உடை அப்போது ஒரு 3/2 அளவுக்கே காக்கும். அதை அக்டோபருக்கு வைத்துக்கொள்ளலாம்; சான் ஃபிரான்சிஸ்கோவின் மே மாதத்துக்குப் புதிய உடைதான் வேண்டும்.